டார்ச்சுப் புடிக்கற அப்பன்

மாப்ள, நீயும் உன்ற மக அம்மிணியும் அந்த ஹெரால்டு வண்டிக்கு முன்னால நின்னு எடுத்த போட்டோவை வாட்ஸப்புல பாத்தேன். வெகு ஜோரு. ரெண்டு பேருக்கும் ஒரே கலர்ல நீல அங்கி, கையில அழுக்குப் படாத உறை, காலடியில பளபளன்னு ஸ்பேனர் பொட்டி. வண்டி மட்டுந்தான் பாவம், மேல குந்தியிருக்கற கோழியோட முழிச்சுக்கிட்டு நிக்குது. கட்டுத்தறியில இருந்து அதை வெளிய இழுத்ததே பெரிய காரியந்தான். "பெங்களூருல கம்ப்யூட்டர் தட்டறவனுக்கு இது என்னத்துக்கு"ன்னு டீக்கடையில பேசிக்கறாங்க. நான் அப்படிப் பேச மாட்டேன். எனக்கு உன்மேல நம்பிக்கை இருக்குது. அம்மிணி மேல அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குது, அவ்வளவுதான்.

நீ ரோசனை கேக்கலை. தெரியும். கேட்டாத்தான் சொல்லோணும்னா தாய்மாமன்னு ஒருத்தன் எதுக்கு? கெணத்து மோட்டாரு, ஆயில் இன்ஜின், டிராக்டருன்னு காலமெல்லாம் கிரீசுல கை வெச்சவன் சொல்றேன். பிடிச்சா எடுத்துக்கோ, பிடிக்கலைன்னா வழக்கம்போல தலையை ஆட்டிட்டுப் போ.

அது என்ன வண்டின்னு அம்மிணிக்கு நீ கதை சொன்னதைக் கேட்டேன். "இங்கிலீசுக்காரன் வண்டி, விண்டேஜு"ன்னு ஆரம்பிச்சே. பாதிதான் நெசம். கோவன்ட்ரியில இருந்த ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்காரன் 1959-ல வெளிய விட்டது டிரையம்ப் ஹெரால்டு. உருவத்தை வரைஞ்சு குடுத்தவரு இத்தாலிக்காரரு, ஜொவான்னி மிக்கலொட்டி. அதே வண்டி 1961-ல மெட்ராசுக்கு வந்து, வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு பேரு வெச்சுக்கிட்டு வெளிய வந்துச்சு. உங்க அப்பாரு வாங்கினது அந்த மெட்ராசு வண்டி. அன்னைக்குக் கல்கத்தாவுல அம்பாசடர், பம்பாயில பியட்டு, நம்ம பக்கம் ஹெரால்டு. கையில காசு இருந்தாலும் இந்த மூணுல ஒண்ணுதான், அதுக்கும் பணத்தைக் கட்டிட்டு வருசக் கணக்குல காத்துக் கெடக்கோணும். உனக்கு நேத்துச் சொன்ன சாமான் இன்னைக்கு வரலைன்னா போன்லயே சண்டை.

அந்த வண்டி உங்க ரெண்டு பேருக்கும் ஏன் தோதுன்னு சொல்றேன். இங்கிலாந்துல பாடி அடிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்த பிஷர் அண்டு லட்லோங்கற கம்பெனியை, எதிராளி பிஎம்சிக்காரன் 1953-ல வளைச்சுப் போட்டுட்டான். மொத்தப் பாடியையும் ஒண்ணா அடிச்சுத் தர ஆளு இல்லாமப் போச்சு. சரி போன்னு பழைய வழக்கப்படி தனியா ஒரு சேசிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டா வெவ்வேற எடத்துல அடிச்சு வாங்கி, போல்ட்டுப் போட்டு முறுக்கிட்டாங்க. பங்காளித் தகராறுல பொறந்த வண்டி! அதனாலதான் கழட்டறதும் மாட்டறதும் சுளுவு. ஒரு சனிக்கெழமை ஒரு துண்டு. அந்த வாரம் உனக்கும் அம்மிணிக்கும் சண்டை வந்தாக்கூட வண்டிக்கு ஒண்ணும் சேதாரம் இல்லை, மத்த துண்டெல்லாம் அப்படியே இருக்கும்.

பானட்டைத் தூக்கிப் பாத்தியல்ல? ரெண்டு பக்க மட்கார்டும் சேந்து மொத்த மூஞ்சியும் முன்னால கவுந்துக்கும். முன்சக்கரத்து டயர் மேலயே குந்திக்கிட்டு இன்ஜின் வேலை பாக்கலாம். இப்ப வர்ற வண்டியில பானட்டைத் தூக்கினா பிளாஸ்டிக் மூடிதான் தெரியுது, கையை நுழைக்க எடமில்லை. இதுல எடம் தாராளம். டயரு ரெண்டு இருக்குது. ஒண்ணு அம்மிணிக்கு. இன்னொண்ணுல நீ போயி உக்காந்தீன்னா வேலை கெட்டுது.

நீ நிக்கோணும். டார்ச்சுப் புடிச்சுக்கிட்டு.

சிரிக்காத. நம்மூர்ல காலங்காலமா அப்பன் வேலை பாப்பான், புள்ளை டார்ச்சுப் புடிக்கும். "வெளிச்சத்தை எங்கடா காட்டறே, என்ற மூஞ்சியிலயா?"ன்னு திட்டு வாங்கி வாங்கியே பாதிப் புள்ளைக கம்ப்யூட்டர் படிக்கப் போயிருச்சு. உன்னையும் சேத்துத்தான் சொல்றேன். கெணத்து மேட்டுல உன்ற ஐயன் உன்னைப் பேசின பேச்செல்லாம் நானும் பக்கத்துல நின்னு கேட்டவன். அந்தப் பாக்கியை நீ அம்மிணிகிட்ட வசூல் பண்ணக் கூடாது. அவ சொல்ற எடத்துல வெளிச்சம் விழோணும். பேசறதுக்கு உனக்கு மூணே வார்த்தை: "இங்கயா?", "சரி", "டீ குடிக்கறயா?" ஆபீசுல நீ பல பேருக்கு மேனேஜரா இருக்கலாம். திங்கக்கெழமை ஸ்டேட்டஸ் கேக்கற சோலியெல்லாம் இங்க ஆவாது.

இன்ஜினைப் பத்திச் சொல்றேன். புதுப் பாட்டரி வாங்கிட்டு வந்துட்டியாமே? அதைத் திண்ணையிலயே வெச்சிரு. வருசக் கணக்கா நின்ன இன்ஜினுக்குச் சாவியைப் போட்டுத் திருகறவன் மடையன். உள்ள பிஸ்டன் ரிங்கு சிலிண்டரோட துருப் புடிச்சு ஒட்டிக்கிட்டு இருக்கும். ஸ்டார்ட்டர் இழுக்கற இழுப்புல ரிங்கு ஒடைஞ்சுதுன்னா அப்புறம் இன்ஜினையே எறக்கோணும். மொதல்ல நாலு பிளக்கையும் கழட்டு. தப்பு, அம்மிணியைக் கழட்டச் சொல்லு. டீசல் பாதி, இன்ஜின் ஆயில் பாதி கலந்து ஒவ்வொரு ஓட்டையிலயும் கொஞ்சம் ஊத்தி, ஒரு வாரம் சும்மா விட்டிரு. அந்த வாரந்தான் உனக்குச் சோதனை. ராத்திரி எந்திரிச்சுப் போயித் தொட்டுப் பாப்பே. பாக்காத. அப்புறம் டாப் கியருல போட்டு வண்டியை முன்னயும் பின்னயும் லேசா ஆட்டுங்க. சுத்திக் குடுத்துதுன்னா பாதிக் கண்டம் தாண்டியாச்சு. எண்ணெயை மாத்திட்டு அப்புறமா ஸ்டார்ட்டரைப் பத்தி ரோசிக்கலாம்.

பாட்டரி மாட்டறப்பவும் ஒரு வார்த்தை. பழைய இங்கிலீசு வண்டிகள்ல பாசிட்டிவ் முனையைப் பாடியோட சேக்கற வழக்கம் உண்டு. எது எங்க போகுதுன்னு ஒயரைப் புடிச்சுப் பாத்துட்டு மாட்டோணும். எலி விட்டு வெச்ச ஒயருல எதைப் புடிச்சுப் பாக்கறதுன்னு கேப்பே. அது உன்ற பாடு. மொத்தமாப் புது ஒயரு இழுக்கறது நல்லது.

பெட்ரோல் டேங்கைத் தொறந்தா வேப்பம் பிசினாட்ட ஒண்ணு அடியில படிஞ்சு கெடக்கும். உங்க அப்பாரு கடைசியா ஊத்தின பெட்ரோலு. கழுவிக் காய வெக்காம ஒரு சொட்டுக்கூடப் புதுசா ஊத்தாத. சோலெக்ஸ் கார்புரேட்டரைக் கழட்டினா உள்ள பித்தளையில ஜெட்டுன்னு துளியூண்டு சாமான் இருக்கும். ஓட்டை அடைச்சிருக்குதுன்னு நீ கம்பியை விட்டுக் கொடையப் பாப்பே. ஓட்டை பெருசாச்சுன்னா வண்டி பெட்ரோலைக் குடிச்சே உன்ற சம்பளத்தை முடிச்சிரும். காத்தடிச்சுத்தான் சுத்தம் பண்ணோணும்.

இன்னொரு சங்கதி. உங்க அப்பாரு காலத்துப் பெட்ரோல் வேற, இன்னைக்குப் பெட்ரோல் வேற. அன்னைக்கு ஈயம் கலந்து வந்துச்சு. அது வால்வு உக்கார்ற எடத்தைத் தேயாம காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. 2000-ல நாடு முழுக்க அதை நிறுத்திட்டாங்க, மனுசனுக்கு ஆகாதுன்னு. நல்ல காரியந்தான், ஆனா வண்டியை யாரும் கேக்கலை. ஹெட்டைக் கழட்டற அன்னைக்கு லேத்துப் பட்டறையில எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கெட்டியான சீட்டு வெச்சு வாங்கிக்கோ. கோயமுத்தூருல லேத்துக்குப் பஞ்சமா? இப்ப பெட்ரோல்ல 20 சதம் எத்தனால் வேற கலக்கறாங்க. பழைய ரப்பர் குழாய் அதுல ஊறி வெடிச்சுப் போகும், சொட்டுச் சொட்டா ஒழுகும், கீழ சூடான சைலன்சரு. வண்டி எரிஞ்சா யூடியூப்புல நல்லா ஓடும், எனக்கு அது வேண்டாம். டேங்குல இருந்து கார்புரேட்டர் வரைக்கும் குழாயெல்லாம் புதுசு போடு.

இப்ப அந்தப் பளபள பொட்டிக்கு வர்றேன். வெலை கேக்க மாட்டேன், கேட்டா எனக்குத்தான் வெசனம். அதுல இருக்கறதெல்லாம் மில்லிமீட்டர் ஸ்பேனரு. ஹெரால்டுல இருக்கறது இஞ்சு நட்டு. அரை இஞ்சுன்னா 12.7 மில்லி. உன்ற பொட்டியில 13 இருக்குது. மாட்டிப் பாத்தா சேந்த மாதிரிதான் தெரியும், லேசா லொடலொடங்கும். "பரவாயில்லை, போதும்"ன்னு சொல்லி நீ ஒரு அழுத்து அழுத்துவே. நட்டோட ஆறு மூலையும் மழுங்கிப் போயி வட்டமாகிரும். அப்புறம் உளி, சுத்தியலு, கெட்ட வார்த்தை. அம்மிணி புதுசா நாலு வார்த்தை கத்துக்குவா, வண்டி வேலை கத்துக்க மாட்டா. உக்கடத்துல பழைய சாமான் விக்கற கடையில போயி "இஞ்சு ஸ்பேனரு, ஏ.எப்."ன்னு கேளு. துருப் புடிச்ச குவியல்ல இருந்து எடுத்துப் போடுவாங்க. அம்மிணியைக் கூட்டிட்டுப் போ, அவ தேடட்டும். வெலை பேசறதுக்கு உன்ற சம்சாரத்தைக் கூட்டிட்டுப் போ. நீ பேசினா கடைக்காரன் மகளுக்குக் கல்யாணமே பண்ணிருவான்.

எல்லாத்தையும்விட முக்கியம் முன்சக்கரத்துக்கு அடியில இருக்குது. டிரன்னியன்னு சொல்லுவாங்க. பித்தளைக் கட்டை ஒண்ணு, உள்ள மரை வெட்டியிருக்கும். சக்கரத்தைத் தாங்கற இரும்புத் தண்டு அந்த மரைக்குள்ள எறங்கி நிக்கும். ஸ்டீரிங்கைத் திருப்பறப்பல்லாம் அந்தத் தண்டு மரைக்குள்ளயேதான் திரும்போணும். அதுக்குக் கிரீஸ் ஆவாது. கியர் பாக்சுக்கு ஊத்தற தொண்ணூறு ஆயிலு அடிக்கோணும். நம்மூர் மெக்கானிக்குக நிப்பிளைப் பாத்தாப் போதும், கிரீஸ் கன்னை வெச்சு அமுக்கிருவாங்க. கிரீசு உள்ளாற மரைக்கே போய்ச் சேராது, தண்ணி மட்டும் சேந்துக்கும். வெளிய சுத்தமாத் தெரியும், உள்ள துரு அரிச்சுக்கிட்டே போகும். ஒரு நாள் திருப்பத்துல தண்டு ஒடைஞ்சு சக்கரம் மடங்கி உள்ள படுத்துக்கும்.

இதை எதுக்கு இத்தனை நீட்டறேன்? அம்மிணி வண்டியோட பழைய கையேட்டைப் போன்லயே எறக்கி வெச்சுக்கிட்டுப் படிக்கறாளாம். "அப்பா, இதுக்கு ஆயில்தான் போட்டிருக்குது"ன்னு சொல்லுவா. நீ உடனே, "எனக்குத் தெரியும், எல்லா மூட்டுக்கும் கிரீசுதான்"பே. அந்த நிமிசந்தான் மாப்ள, டார்ச்சை இன்னும் கெட்டியாப் புடிச்சுக்கோணும். வாயைத் தொறக்கோணும்னு வந்துச்சுன்னா மூணாவது வார்த்தையைச் சொல்லு.

அப்புறம் அவ ஒரு மாசம் காணாமப் போவா. பிளஸ் ஒன்னு படிக்கற புள்ளை, பரிச்சை வரும், சிநேகிதி பொறந்தநாள் வரும், வண்டின்னாலே முகத்தைச் சுளிப்பா. நீ ஒடனே, "உனக்காகத்தானே இத்தனை செலவு பண்றேன்"னு ஆரம்பிப்பே. பொய் சொல்லாத. உனக்காகத்தான் பண்றே. அது ஊருக்கே தெரியும். அவ வராத சனிக்கெழமை நீயும் தொடாத. அதைவிட முக்கியம், ராத்திரியோட ராத்திரியா நீயே மாட்டி முடிச்சு, காலையில "டொட்டடோய்ங்"னு காட்டற புத்தி வரும் பாரு, அது வேண்டவே வேண்டாம். கவுந்த பானட்டு கவுந்தே கெடக்கட்டும். மழை வந்தா தார்ப்பாயைப் போடு. நாலு வாரம் கழிச்சு அவளா வந்து, "கார்புரேட்டரை எங்க வெச்சீங்க?"ன்னு கேப்பா. எங்கன்னு உனக்கு ஞாபகம் இருக்கோணும், அவ்வளவுதான். இல்லைன்னா உன்ற சம்சாரத்தைக் கேளு, அவ பழைய ஆர்லிக்ஸ் டப்பாவுல போட்டுச் சீட்டு எழுதி ஒட்டி வெச்சிருப்பா.

டிங்கரிங்கு, பெயிண்டு பத்தி நான் என்ன சொல்றது? காந்தத்தை எடுத்து மேல ஓட்டிப் பாரு, ஒட்டாத எடமெல்லாம் எவனோ எப்பவோ பட்டி வெச்சு அமுக்கின எடம். கலருல ரெண்டு பேரும் அடிச்சுக்குவீங்க. டேஷ்போர்டுக்கு அடியில சொரண்டினா கம்பெனி அடிச்ச கலரு தெரியும். உனக்கு அது வேணும், அவளுக்கு மினுமினுப்பு இல்லாத கறுப்பு வேணும். அவிநாசி ரோட்டுல ஜி.டி. நாயுடு குடும்பத்தாரோட கார் மியூசியம் இருக்குதல்ல, ஒரு நாள் கூட்டிட்டுப் போ. பழைய வண்டிகளை வரிசையாப் பாத்தான்னா அவளே மனசு மாறுவா. மாறலைன்னா கறுப்பு அடிச்சிரு. செலவை மட்டும் ஒளிக்காத. பில்லுல பாதியைத்தான் வீட்டுல சொல்லலாம்னு கணக்குப் போட்டிருப்பே. அம்மிணி முழுசையும் சொல்லிருவா.

கடுதாசி வேலைக்கு வருவோம். 50 வருசம் தாண்டின வண்டிக்குன்னு 2021 ஜூலையில தனியா விதி கொண்டு வந்தாங்க. 'வி.ஏ.'ன்னு எழுத்துப் போட்ட நம்பரு குடுப்பாங்க, புதுசாப் பதியறதுக்கு 20,000 ரூவா, 10 வருசத்துக்குச் செல்லும். சேசிசும் பாடியும் இன்ஜினும் பழசாவே இருக்கோணும். கேக்கப் பெருமையா இருக்குது. ஆனா கண்காட்சி, பழைய வண்டிப் பந்தயம், பெட்ரோல் போட, ரிப்பேருக்குப் போகன்னுதான் வெளிய எடுக்கலாம். நெனைச்ச நேரம் ஓட்ட ஆவாது. அதனால உங்க அப்பாரு வெச்சிருந்த அந்த மூணெழுத்து நம்பரையே எப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, அஞ்சு வருசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கற வழியைப் பாரு. இதுல எனக்கு ஒரு சொந்தக் காரியம் இருக்குது. அதை அப்புறம் சொல்றேன்.

அம்மிணிக்கு இப்ப 16. "ஒரே ஒரு ரவுண்டு, மெயின் ரோடு வரைக்கும்"னு கெஞ்சுவா. நீ எளகிருவே, எனக்குத் தெரியும். 2019-ல சட்டத்தைத் திருத்திட்டாங்க மாப்ள. 18 வயசு ஆகாத புள்ளை ஓட்டி மாட்டினா அப்பனுக்கு 25,000 ரூவா அபராதம், மூணு வருசம் வரைக்கும் உள்ள தூக்கிப் போடலாம். வண்டிப் பதிவை ஒரு வருசத்துக்கு ரத்து பண்ணுவாங்க, புள்ளைக்கு 25 வயசு வரைக்கும் லைசென்சு கெடையாது. அவளுக்கு 18 ஆகறதுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்குது. நீ வேலை பாக்கற வேகத்துக்கு வண்டியும் அப்பத்தான் முடியும். கவலையே இல்லை.

அதுக்குள்ள பிரேக்கு வேலை சுத்தமா முடிஞ்சிருக்கோணும். நாலும் டிரம் பிரேக்கு, எல்லாத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டரு. ஒரு பைப்பு ஒழுகினா நாலும் போச்சு. பைப்பு, வாசரு எல்லாம் புதுசு. இதுல மட்டும் பழசே இருக்கட்டும்னு பேசாத. ஸ்டீரிங்கைப் பத்திக் கவலை வேண்டாம், 25 அடி வட்டத்துல முழுசாத் திரும்பிக்கும், நம்ம களத்துலயே சுத்தலாம். பின்சக்கரந்தான் கொஞ்சம் வில்லங்கம். வளைவுல வேகமாப் போயிட்டுத் திடீர்னு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா பின்சக்கரம் உள்வாங்கும், வண்டி பின்பக்கம் பிச்சுக்கிட்டுப் போகும். கம்பெனிக்காரனே வெறுத்துப் போயி, 1972-ல கெசல் வண்டி விட்டப்ப அந்த ஆக்சிலை மாத்தி நேர் ஆக்சில் போட்டான். அதனால மருதமலைக்குப் போகலாம்னு அம்மிணி சொன்னா வேண்டாம்னு சொல்லு. மொதல் ஓட்டம் அன்னூருல இருந்து அவிநாசி கோயிலுக்கு. ரோடு சமமா இருக்கும், எனக்கு ஒரு வேண்டுதலும் பாக்கி இருக்குது. சொந்தக் காரியம்னு சொன்னது அதுதான்.

அன்னைக்கு எடத்தை இப்பவே பேசி வெச்சுக்கலாம். ஓட்டறது அம்மிணி. முன்சீட்டுல அவ பக்கத்துல நான். ரெண்டு கதவு வண்டி, பின்னால ஏறோணும்னா முன்சீட்டை மடக்கிட்டுக் குனிஞ்சு நுழையோணும், இந்த வயசுல என்ற இடுப்பு அதுக்கு ஒத்துக்காது. நீ ஏறிக்கோ. என்ற அக்காவைக் கட்டிக் குடுத்த நாள்ல இருந்து உங்க அப்பாரு இருந்த வரைக்கும் என்னை அங்கதான் உக்கார வெச்சாரு. முட்டி வந்து தாடையில இடிக்கும், மத்தபடி ஒண்ணும் தொந்தரவு இல்லை.